ஆளுக்கு அரை இஞ்சு

என் மகள் மலர் அந்த ஊதா ரவிக்கையைத் தன் டி-ஷர்ட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கடை நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். முன்பக்கம் காற்றில் உப்பியது. கை இரண்டும் சேவல் இறக்கை மாதிரி படபடத்தன.

"மாஸ்டர், இதுக்குள்ள நான் இருக்கேன். டி-ஷர்ட்டும் இருக்கு. இன்னும் யாராச்சும் வரலாம் லா, இடம் இருக்கு."

மெஷின்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்காதவர் மாஸ்டர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கீழே லிட்டில் இந்தியாச் சந்து முழுக்கக் கூட்டம். அந்தப் பேச்சுச் சத்தம் அலை அலையாக எங்கள் மாடிக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. எதிர்க்கடையில் மிளகாய் வறுக்கும் நெடி வேறு. மலர் சுற்றியதற்குச் சிரித்தார்களா, நெடிக்குத் தும்மினார்களா என்று பாதிப் பேரைப் பார்த்தால் தெரியாது.

மாஸ்டர் கதிரேசன்தான் எங்கள் கடையில் துணி வெட்டுகிறவர். நான் சொன்னால் கேட்பார். மற்றவர்கள் சொன்னால் யோசித்துக் கேட்பார். கத்தரியை மேசையில் வைத்தார்.

"மலரம்மா, பிடோக் கிளையில இருந்து என்ன அளவு வந்துச்சோ அதுக்குத்தான் வெட்டினேன். அங்க அளவு எடுக்கிறவங்களைக் கேளுங்க."

"கேட்டேனே. நபிசாக்கா 'அளவெல்லாம் சரி, வெட்டுத்தான் தப்பு'ங்கிறாங்க."

"அப்ப ரவிக்கை பையில வர்ற வழியில தானா வளந்துச்சா?"

மலர் அதைக் கழற்றி மேசைமேல் போட்டாள். கொண்டு வந்த பையைக் கவிழ்த்தாள். பச்சை, மஞ்சள், புள்ளி போட்டது, பூப் போட்டது என்று இன்னும் விழுந்தன. எல்லாம் வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவை.

பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அம்மா, தீபாவளி வரைக்கும்தான் பாப்பேன். அதுக்குள்ள சரியாகலைன்னா பிடோக் கடையைச் சாத்திட்டு ஆபீசுக்கே போயிடுறேன். அவங்களும் வர்றியா இல்லையான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பெட்டிக்குள் என் பெயர்

மாடிக்குக் கடையை மாற்றிய கதையை, நான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, போன வாரம் இந்தப் பத்தியில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் எங்கள் கடைக்குப் பக்கத்துத் தேக்கா சந்தையில் மீன் வாங்குமிடத்தில் ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் பையிலிருந்து மீன் தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. "ரவிக்கை தைக்கிற கடைக்கு என்னங்க இவ்வளவு கதை?" என்றார்.

"சேலை சும்மா சுத்திக்கிறது. கதையெல்லாம் ரவிக்கையிலதான்" என்று சொல்லிவிட்டுக் காலை நகர்த்திக்கொண்டேன்.

அந்த அம்மாவுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். மலர் படித்தவள். நகரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தாள். பெரிய கம்பெனிகள் எல்லாம் அவர்களிடம் வந்து, நாங்கள் எந்தப் பக்கம் போகவேண்டும், எங்கள் ஆட்களை எப்படி அடுக்கவேண்டும் என்று கேட்பார்களாம். இவர்கள் படம் போட்டுக் கொடுப்பார்களாம். முதலில் கேட்டபோது எனக்கு ஜோசியம் மாதிரி இருந்தது. கிளி ஒன்றுதான் குறை.

அந்த வேலையிலிருந்து சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பிடோக்கில் ஒரு கிளை திறக்கப் போகிறாளாம். "ஊருக்கெல்லாம் வரைஞ்சு குடுத்தாச்சும்மா. எனக்குன்னு ஒண்ணு செஞ்சு பாக்கணும்" என்றாள். நாற்பது வயது தாண்டிய பெண் அப்படிச் சொல்லும்போது அம்மாக்காரி என்ன சொல்ல முடியும்? உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் யோசனையும் நல்ல யோசனை. பிடோக்கில் ஆசுபத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் நிறைய. கொடுக்க ஒரு தரம், வாங்க ஒரு தரம் என்று ஒரு ரவிக்கைக்காக லிட்டில் இந்தியாவுக்கு அலைய அவர்களுக்கு நேரமில்லை. அவர்கள் வீட்டுக்குக் கீழேயே கடை இருந்தால்? திங்கள் கொடுத்தால் வியாழன் கிடைத்தால்? வேலைக்கு உடுத்தும் சாதா ரவிக்கை மட்டும்தான், கல்யாண வேலையெல்லாம் அங்கே கிடையாது.

"இதுக்குப் பேருதாம்மா ஸ்ட்ராட்டஜி. யாருக்கு என்ன செய்யப் போறோம்னு முடிவு பண்றது. அதைவிட, என்ன செய்ய மாட்டோம்னு முடிவு பண்றது."

இது எனக்குப் புதிதில்லை. நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஆண்கள் சட்டையைத் தொட்டதில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடன் வேலை பார்த்த அத்தனை பேரும் சட்டைத் துணியோடு வந்தார்கள். "ஒரு சட்டைதானே, தைச்சுக் குடேன்" என்பார். மாட்டேன் என்றேன். சட்டைக்குக் காலர் வேண்டும், காலருக்கு வேறு மெஷின் வேண்டும், ஆண் பிள்ளைகள் வந்து நின்றால் பெண்கள் உள்ளே வந்து நின்று அளவு கொடுக்கக் கூசுவார்கள். கடைசி வரை தன் சட்டையை அவர் வெளியில் கொடுத்துத்தான் தைத்தார், பாவம். அன்றைக்கு அதற்கு ஸ்ட்ராட்டஜி என்று பேர் சொல்ல யாருமில்லை. பிடிவாதம் என்று சொன்னார்கள்.

பிறகு மலர் கடைச் சுவரில் ஒரு படம் ஒட்டினாள். பெட்டி பெட்டியாக, நடுவில் கோடுகள். எல்லாவற்றுக்கும் மேல் பெட்டியில் என் பெயர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் நான். என் பெயரைப் படிக்கும்போது இன்னும் நிதானமாகப் படிப்பேன்.

"இந்தப் பெட்டியில உக்காந்து நான் என்ன செய்யணும்?"

"நீங்க எப்பவும் செய்யறதுதாம்மா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப இந்தப் பெட்டி பத்தாது. பெருசா போடு."

என் பெட்டியிலிருந்து ஒரு கோடு மாஸ்டருக்குப் போனது. மாஸ்டருக்குக் கீழே மெஷின்கள் எல்லாம். இன்னொரு கோடு மலருக்குப் போனது. மலருக்குக் கீழே நபிசா மட்டும் ஓர் அளவு நாடாவோடு இருந்தாள்.

பாயசத்தில் விழுந்த கொக்கி

நபிசா யார் என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் புக்கிட் மேராவில் இருந்த காலத்துக்குப் போகவேண்டும்.

அப்போது எனக்குக் கடை கிடையாது. புக்கிட் மேராவில் வீவக அடுக்குமாடி வீடு, அடுப்படி ஓரத்தில் ஒரு கால்மெஷின். ஒரு பக்கம் சாம்பார் கொதிக்கும், ஒரு பக்கம் தையல் ஓடும். என் ஆரம்ப கால ரவிக்கைகளில் பெருங்காய வாசனை வரும் என்று கேலி செய்வார்கள். வரட்டும். வாங்கிப் போனார்களே.

நபிசா பக்கத்து புளோக்கில் இருந்தாள். புதிதாகக் கல்யாணமானவள். நோன்புப் பெருநாளுக்குத் தனக்கு ஒரு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள், கொக்கி தைக்கிறேன் அக்கா என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. அளவு எடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் என் பக்கத்திலிருந்தே கற்றுக்கொண்டாள்.

அந்த நாளில் நடந்தது இது. எங்கள் தாழ்வாரத்தில் குடியிருந்த ஒரு பெண்மணி, நல்ல உடம்பு. அளவெடுக்க நாடாவைச் சுற்றினேன். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது விவரம் போதாது. நாடா காட்டியதைக் காட்டியபடி தைத்துக் கொடுத்தேன். கச்சிதம் என்று போட்டுக்கொண்டு போனார்.

போன இடம் கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்தார். சாம்பார் வரை தாங்கியது. ரசத்துக்கு முனகியது. பாயசம் ஊற்றும்போது அவர் யாருடைய பேச்சுக்கோ சிரித்தார் பாருங்கள், மேல் கொக்கி தெறித்துப் பக்கத்து இலைப் பாயசத்தில் போய் விழுந்தது. பக்கத்து இலை மாப்பிள்ளையின் பெரியப்பா. முந்திரி என்று நினைத்து எடுத்தாராம்.

அன்றிலிருந்து என் சட்டம்: பெண்கள் அளவு கொடுக்கும்போது மூச்சு விடுவதில்லை, ஆனால் உடுத்தும்போது விடுவார்கள். அதனால் நாடா காட்டுவதற்கு மேல் அரை இஞ்சு கூட வைக்கவேண்டும். மார்பு, இடுப்பு, கை, எல்லாச் சுற்றுக்கும். கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சொன்னால் அவர்கள் மனது சங்கடப்படும்.

என் கடையில் யார் வேலைக்கு வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். ஊசியில் நூல் கோப்பதெல்லாம் அப்புறம்.

வசந்தாவின் பை

பிடோக் கடை திறந்து, வேலை இப்படி நடந்தது. நபிசா அங்கே அளவு எடுப்பாள். எனக்கும் மாஸ்டருக்கும் எழுத்தோடு மல்லுக்கட்டு வேண்டாமென்று, அளவைப் போனில் குரலாகப் பேசி அனுப்புவாள். "நீலம், காட்டன், மார்பு இவ்வளவு, கை இவ்வளவு" என்று அவள் குரல் எங்கள் மாடியில் கேட்கும். மாஸ்டர் வெட்டுவார். மெஷின்காரர்கள் தைப்பார்கள்.

துணியைக் கொண்டு வருவதும் தைத்ததைக் கொண்டு போவதும் வசந்தா. எங்கள் மெஷின்காரர்களில் கெட்டிக்காரி. அவள் குடியிருப்பது பிடோக்கில். காலையில் பிடோக் கடையில் துணிப் பையை வாங்கிக்கொள்வாள். ரயிலேறி, பூகிசில் மாறி, லிட்டில் இந்தியா வந்து, அந்தத் துணியில் பெரும்பாலும் அவளே தைத்து, முடிந்தவற்றைச் சாயங்காலம் அதே பையில் போட்டுக்கொண்டு அதே வழியில் பிடோக்குக்குத் திரும்புவாள்.

"பாத்தியா, பை தூக்கத் தனியா ஆள் தேவையில்லை" என்று நான் மலரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

பிடோக் துணிக்கு எங்கள் மாடியில் இன்னொரு சங்கடம் இருந்தது. மாடிக்கு நேரே வரும் வாடிக்கையாளர் எதிரில் நிற்பார், "எப்போ தருவீங்க?" என்பார், முறைப்பார். பைக்கு முகம் கிடையாது. அது மூலையில் கிடக்கும். வசந்தா மட்டும் "மாஸ்டர், எங்க ஏரியா துணியையும் கொஞ்சம் பாருங்க" என்று இழுத்துப் போடுவாள். அப்படியும் வியாழன் சொன்னது சனிக்கிழமையாகும்.

நேரம் தவறியதைக்கூடப் பொறுத்தார்கள். தொளதொளவென்று வந்ததைத்தான் பொறுக்கவில்லை. மாஸ்டர் அளவு தப்பு என்றார், நபிசா வெட்டுத் தப்பு என்றாள். இருவரும் போனிலேயே குரல் அனுப்பிச் சண்டை போட்டார்கள். எங்கள் மாடியில் நபிசாவின் சண்டையை எல்லோரும் வட்டமாக நின்று கேட்டோம். வானொலி நாடகம் போல நன்றாகத்தான் இருந்தது. அந்த நிலையில்தான் மலர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் முதலில் சொன்னபடி, டி-ஷர்ட்டுக்கு மேல் ரவிக்கையை மாட்டிக்கொண்டு சுற்றியது.

நழுவிய கட்டைவிரல்

மறுநாள் நானே பிடோக்குக்குப் போனேன்.

கடை சின்னது. ஒரு புளோக்கின் கீழ்த்தளம். இந்தப் பக்கம் சீன மருந்துக் கடை, அந்தப் பக்கம் காப்பிக் கடை. நபிசா எனக்கு ஒரு நாற்காலி போட்டு, கோப்பி வாங்கி வைத்தாள்.

"என்னக்கா, விசாரணைக்கு வந்தீங்களா? உங்க மாஸ்டர் அண்ணன் என்ன சொன்னாரு என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல. நீ உன் வேலையைப் பாரு."

ஒரு நர்ஸ் வந்தார். வேலை முடிந்து நேரே வந்திருந்தார். நபிசா திரையை இழுத்து நாடாவைச் சுற்றினாள். நர்ஸ் மூச்சை இழுத்துப் பிடித்தார். ஆசுபத்திரியில் ஊர் முழுவதையும் மூச்சை விடச் சொல்கிறவர்தான், இங்கே பிடித்தார். நாடாவில் நபிசாவின் கட்டைவிரல் ஒரு பொடி நழுவியது.

எனக்குத் தெரிந்த நழுவல்தான். நான் சொல்லிக் கொடுத்ததாயிற்றே. நழுவிய இடத்து எண்ணைத்தான் அவள் போனில் சொன்னாள்.

நர்ஸ் போகும்வரை பொறுத்திருந்தேன். "நபிசா, அரை இஞ்சு கூட விட்டுத்தானே சொன்னே?"

"விடாமலா? யாரு கையில படிச்சேன் நான்?"

மாஸ்டரைப் போனில் கூப்பிட்டேன். நபிசாவுக்கும் கேட்கும்படி வைத்தேன். "மாஸ்டர், பிடோக் துணியில அரை இஞ்சு விட்டு வெட்டுறீங்களா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? விடாம வெட்டுவேனா?"

நபிசா நெஞ்சில் கையை வைத்தாள். "அல்லாவே!"

நடந்தது இதுதான். புக்கிட் மேராவில் நானே அளந்து நானே வெட்டிய காலத்தில், நாடாவிலேயே அரை இஞ்சைக் கூட்டிவிடுவேன். நபிசா அதைப் படித்தாள். கடை வந்தபின் நான் திரைக்கு உள்ளே அளந்து உண்மை எண்ணைச் சொல்வேன். வெளியே மாஸ்டர் வெட்டும்போது கூட்டுவார். அவர் அதைப் படித்தார். ஆளுக்கு அரை இஞ்சு. இரண்டு பேருமே என் பாடத்தை ஒரு நூல் பிசகாமல் செய்திருந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்?

"சரி, யாராவது ஒருத்தர் மட்டும் அதைக் கூட்டுங்க. நீங்களே பேசி முடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மீதிக் கோப்பியைக் குடித்தேன். வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பெருந்தன்மை

பேசி முடிக்கச் சொன்னேனா? இருவரும் பேசவில்லை. சண்டை போட்ட வெட்கம். ஆளாளுக்குத் தனித்தனியே முடிவு செய்தார்கள்.

மாஸ்டர் நினைத்தார்: நபிசாம்மா எனக்கு முன்னால் வந்தவங்க, அவங்களே அரை இஞ்சைக் கூட்டட்டும். நபிசா நினைத்தாள்: வெட்டுற கை அண்ணன் கை, அவரே கூட்டட்டும். இரண்டு பேரும் பெருந்தன்மையாக விலகிக்கொண்டார்கள்.

அடுத்த பை போனது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை போட்டுப் பார்த்தார். ரவிக்கைக் கை முழங்கைக்கு மேல் வந்து பிடித்துக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நபிசா ஒரு பக்கம், மலர் ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்களாம்.

ஆசிரியை நல்ல மாதிரி. "கிளாஸ்ல பிள்ளைங்க கையைத் தூக்கினா, எறக்குப்பான்னு சொல்லுவேன். இப்ப என் கையை யாரு எறக்குறது?" என்று கேட்டாராம். கடைசியில் தையலைப் பிரித்துத்தான் ஆளை வெளியே எடுத்தார்கள்.

அன்று மாலை மலர் என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கடையைப் பாதி சாத்திவிட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

"போதும்மா. ஆபீசுல வர்றேன்னு சொல்லிடப் போறேன்."

"அரை இஞ்சுக்காகவா ஒரு கடையைச் சாத்துவ?"

"இது இஞ்சுப் பிரச்சினை இல்லம்மா." மேசையில் கோப்பி சிந்திய வட்டத்தை விரலால் இழுத்துக்கொண்டே சொன்னாள். "வியாழக்கிழமை தர்றேன்னு வாக்குக் குடுக்கிறது நான். கத்தரி மாஸ்டர் கையில. மாஸ்டர் கேக்கிறது உங்க பேச்சை. நான் கஸ்டமர் முன்னாடி நின்னு திட்டு வாங்கலாம், ஆனா ஒரு தையலைப் பிரின்னு சொல்ல எனக்கு ஆள் கிடையாது. புதுசா ஒரு வேலையைத் தொடங்கிட்டு, ஆட்களை மட்டும் பழைய வேலைக்கு உக்கார வச்ச மாதிரியே வச்சிருக்கோம்."

"ஏண்டி, இதைத்தானே ஊருக்கெல்லாம் வரைஞ்சு குடுத்தே? உன் கடைக்கு வரையத் தெரியலையா?"

மலர் என்னைப் பார்த்தாள். "ஊருக்கு வரையறப்ப மேல் பெட்டியில எங்கம்மா உக்காந்திருக்க மாட்டாங்களேம்மா."

பக்கத்து மேசையில் ஒரு சீனக் கிழவர் அரைவேக்காடாக அவித்த முட்டையை உடைத்துச் சாசு ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வசந்தா ரயிலடிப் பக்கமிருந்து பையோடு நடந்து வந்தாள். வேர்த்து விறுவிறுத்து, பையை மேசையில் இறக்கி, "அக்கா, நீங்க இங்கயா?" என்றாள்.

அந்தப் பையைப் பார்த்தேன். பிடோக் துணி, பிடோக் பெண் தைத்தது. லிட்டில் இந்தியாவுக்குப் போய் வந்தது எதற்கு? எங்கள் மாடியில் என் கண்ணில் பட்டுவிட்டு வர.

"வசந்தா, நாளையிலேருந்து நீ தேக்கா கடைக்கு வராதே" என்றேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. "நான் என்னக்கா பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. உன் மெஷின் இங்க வருது. வெட்டுறதும் தைக்கிறதும் இங்கயே. மலர் சொல்றதைக் கேட்டாப் போதும். என்னைக் கேக்க வேணாம், மாஸ்டரைக் கேக்க வேணாம்."

மலர் சிந்திய கோப்பியிலிருந்து விரலை எடுத்தாள்.

கழுத்தும் லைனிங்கும்

ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கழுத்து எப்படி வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். படகுக் கழுத்து, பானைக் கழுத்து, பின்னால் ஜன்னல். பார்க்க அழகு அதுதான். ஆனால் அந்தக் கழுத்து விழாமல் நிற்பது உள்ளே வைக்கும் லைனிங்கால். இறக்கமான கழுத்துக்கு ஒரு லைனிங், மூடின கழுத்துக்கு வேறு லைனிங். கழுத்தை மாற்றிவிட்டுப் பழைய லைனிங்கையே வைத்தால் தோளை விட்டு வழியும். மலருடைய யோசனை நல்ல கழுத்து. லைனிங் என்னுடைய பழையது. புக்கிட் மேராவில் அது எனக்கு நன்றாகவே பொருந்தியது. அதைப் பழிக்க மாட்டேன்.

மாஸ்டர்தான் குதித்தார். "இருக்கிறதுல நல்ல மெஷினைத் தூக்கிக் குடுத்துட்டீங்க. வசந்தா வெட்டுவாளா? கத்தரி பிடிக்கத் தெரியுமா அவளுக்கு?"

"பிடோக் துணியை நீங்க வெட்டும்போது பக்கத்துலயே நின்னு பாத்தவதானே. தெரியலைன்னா நபிசா சொல்லிக் குடுப்பா. அவங்க ரவிக்கை, அவங்க பாடு."

"தப்பு வந்தா?"

"தப்பு வந்தா மலர் பதில் சொல்லுவா. நல்லா வந்தாலும் பேரு அவளுக்குத்தான். நம்ம மாடியில இனிமே கல்யாண வேலை. பட்டு, ஜரிகை, கல் வேலை. ஒரு ரவிக்கைக்கு ஒரு வாரம் வேணும்னா எடுத்துக்கோங்க, நான் கேக்க மாட்டேன்."

இந்தக் கடைசிப் பேச்சில் மாஸ்டர் அடங்கினார். அவசரத் துணிகளுக்கு நடுவே ஒரு பட்டு ரவிக்கையை நிம்மதியாகத் தைக்க முடியவில்லை என்று அவருக்கும் வெகுநாள் குறை. அந்த மாதம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முதுகில் மயில் தோகை போல வேலைப்பாடு செய்து வைத்தார். பெண்ணின் அம்மா அழுதுவிட்டார். மாஸ்டர் அழவில்லை, ஆனால் அன்று எல்லோருக்கும் வடை அவர் செலவு.

பிடோக்கில் நபிசாவும் வசந்தாவும் ஒரே திரைக்கு இரு பக்கம். அரை இஞ்சை யார் விடுவது என்ற பேச்சே எழவில்லை. "விட்டாச்சு" என்று இவள் குரல் கொடுப்பாள், "சரி" என்று அவள் வெட்டுவாள். வசந்தா மதியம் வீட்டுக்குப் போய்ச் சுடுசோறு சாப்பிட்டு வந்தாள். வியாழன் என்றால் வியாழன்தான்.

வரிசை

எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பிடோக்கில் எனக்கு வெகுநாள் பழக்கமான ஓர் அம்மா இருக்கிறார். எனக்கே போன் போட்டார். "உங்க மகள் கடையில வியாழன்தான்னு சொல்றாங்க. எனக்குச் செவ்வாய்க்கிழமையே வேணும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." இது ஒரு பெரிய விஷயமா என்று மலருக்குப் போன் போட்டேன்.

"முடியாதும்மா."

"நான் சொல்றேன்டி."

"நீங்கதாம்மா சொல்றீங்க. ஆனா அவங்களுக்கு முன்னாடி குடுத்தவங்க இருக்காங்களே. உங்க ஆளையும் வரிசையில நிக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் பொத்தான் டப்பாவைக் காரணமில்லாமல் அடுக்கினேன். மாஸ்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். "என்னக்கா, முடியாதுன்னுட்டாங்களா?" என்று கேட்டார். குரலில் அத்தனை சந்தோஷம். மனுஷனுக்கு என்னிடம் ஒரு தரமாவது அப்படிச் சொல்லிப் பார்க்க ஆசை இருந்திருக்க வேண்டும்.

பழகிய அம்மாவைக் கூப்பிட்டு, வியாழன்தான் என்றேன். வியாழன் வாங்கிக்கொண்டார். இன்றும் அங்கேதான் தைக்கிறார்.

தீபாவளி நெருங்கியது. சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு விளக்குத் தோரணம் போட்டுவிட்டார்கள். எங்கள் மாடியில் கல்யாண வேலை மட்டும் என்பதால் முதல் தடவையாகத் தீபாவளிக்கு மூச்சு விட நேரம் இருந்தது. பிடோக்கில்தான் நெருக்கடி என்று கேள்விப்பட்டு ஒரு நாள் போனேன்.

கடைக்குள் நுழைய முடியவில்லை. வாசல் வரை பெண்கள். நபிசா என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்று ஒரு முக்காலியை மூலையில் போட்டாள். கோப்பி தருவாள் என்று பார்த்தேன். மடியில் ஒரு குவியல் ரவிக்கையையும் கொக்கி டப்பாவையும் வைத்தாள். "இதெல்லாம் இன்னிக்குப் போகணும்." அவள் என் அடுப்படியில் கொக்கி தைத்தவள். கேட்காமல் தைத்தேன்.

மலர் ஒரு பெண்ணின் முதுகில் துணியை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். உதட்டில் வரிசையாகக் குண்டூசிகள். வசந்தா ஏதோ கேட்க, தலையாலேயே பதில் சொன்னாள். அப்போது மேசையில் இருந்த அவள் போன் அடித்தது. மலர் எட்டிப் பார்த்தாள். கண்ணால் எனக்குக் காட்டினாள், எடுங்கம்மா என்று.

அவளுடைய ஆபீஸ் மேடம். நல்ல குரல். மலர் இருக்கிறாளா, அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறாளா, இன்று முடிவு தெரியவேண்டும் என்று இங்கிலீசில் கேட்டார். எனக்குப் புரிகிற அளவுக்குப் புரிந்தது.

நான் மலரைப் பார்த்தேன். கடையில் அத்தனை சத்தம், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஊசி விரலில் குத்தியதுகூடத் தெரியவில்லை. மலர் ஒரு ஊசியை உதட்டிலிருந்து எடுத்து, துணியில் குத்தி, மடிப்பை ஒரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மீதி ஊசிகளோடு, இல்லை என்று தலையாட்டினாள்.

"மேடம்" என்றேன். "மலர் நோ கம் பேக். வெரி பிஸி லா."

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். மலர் அங்கேயும் இப்படித்தான், பிடித்தால் விடமாட்டாள் என்றார். நீங்கள் யார் பேசுவது என்று கேட்டார்.

அம்மா என்று சொல்லியிருக்கலாம். மாடிக் கடைக்காரி என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்ல எனக்கு இங்கிலீசு உண்டு.

"மீ?" என்றேன். "ஐ ஒர்க் ஃபார் மலர்."

மலர் வாயில் ஊசியோடு சிரிக்க முடியாமல் திணறினாள். நபிசா, "அக்கா, பேசினது போதும், கொக்கி!" என்றாள்.